உரிமத் தகடு யாருக்குச் சொந்தம்?

ஒரு நகரத்துக்கு எத்தனை டாக்ஸி போதும், அந்த எண்ணை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி இங்கிலாந்தில் 370 ஆண்டுகளாக ஓயவில்லை. குதிரை வண்டிக் காலத்தில் தொடங்கிய சர்ச்சை, கைப்பேசியில் கார் கூப்பிடும் இந்தக் காலத்திலும் நகர மன்றக் கூட்டங்களில் சூடு குறையாமல் நடக்கிறது. டாக்ஸிக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் அங்கே உள்ளாட்சி மன்றங்களிடம் இருக்கிறது. சில மன்றங்கள் இத்தனை வண்டிக்கு மேல் உரிமம் இல்லை என்று கதவைச் சாத்திவிடுகின்றன. பக்கத்து ஊர் மன்றம் தகுதியுள்ள எவர் கேட்டாலும் கொடுக்கிறது.

இந்த விவாதத்தில் பெரும்பாலும் இரண்டு அணிகளின் குரல்தான் கேட்கும். வரம்பு வேண்டும் என்பவர்கள் ஓட்டுநரின் பிழைப்பைச் சொல்வார்கள். வேண்டாம் என்பவர்கள் பயணியின் காத்திருப்பைச் சொல்வார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்து, டப்ளின், நியூயார்க், சான் டியாகோ, பாரிஸ், டெல்லி ஆகிய இடங்களின் அனுபவங்களை அடுக்கிப் பார்த்தால், எண்ணைவிட முக்கியமான கேள்வி ஒன்று அடியில் இருப்பது தெரிகிறது. மன்றம் கொடுத்த உரிமம் கடைசியில் யாருடைய சொத்தாகிறது? இதற்கு நேர்மையான பதிலை ஏற்பாடு செய்யாத ஊர்களில் வரம்பு ஓட்டுநரைக் காப்பாற்றவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இரண்டு வகை வண்டிகள்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். இங்கிலாந்துச் சட்டத்தில் வாடகைக் கார் இரண்டு வகை. ஒன்று ஹேக்னி கேரேஜ். மக்கள் டாக்ஸி என்று சொல்வது இதைத்தான். ஸ்டாண்டில் நின்று சவாரி எடுக்கலாம். தெருவில் கைகாட்டினால் நிறுத்தி ஏற்றிக்கொள்ளலாம். மீட்டர் கட்டணத்தை மன்றமே நிர்ணயிக்கும். மற்றொன்று முன்பதிவு செய்தால் மட்டும் வரும் தனியார் வாடகைக் கார்; பேச்சுவழக்கில் மினிகேப். ஊபர் வண்டிகள் சட்டப்படி இந்த வகையைச் சேர்ந்தவை.

எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும் அதிகாரம் முதல் வகைக்கு மட்டுமே உண்டு. 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, மினிகேப் ஓட்ட விண்ணப்பிப்பவர் தகுதியானவராகவும் வண்டி ஒழுங்காகவும் இருந்தால் மன்றம் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும். எண்ணிக்கையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. இந்தச் சிறிய விவரம்தான் இன்றைய சிக்கல்களில் பாதிக்கு வேர்.

குதிரை வண்டியிலிருந்து

லண்டனில் வாடகைக் கோச்சு வண்டிகளுக்கு வரம்பு வந்தது கிராம்வெல் ஆட்சியில், 1654-இல். அன்று 200 வண்டிக்காரர்களுக்கு மட்டும் அனுமதி. மன்னராட்சி திரும்பிய பிறகு 1662-இல் 400 உரிமங்கள், 1694-இல் 700. தெரு நெரிசலைக் குறைப்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உரிமக் கட்டணம் அரசுக்கு வருமானமாகவும் இருந்தது. ஆக, உரிமம் என்பது தொடக்கத்திலேயே இரண்டு வேடம் போட்டது: தெருவை ஒழுங்குபடுத்தும் கருவி ஒன்று, காசு தரும் சலுகை மற்றொன்று. இந்த இரட்டைத்தன்மை பிறகு எங்கும் விலகவே இல்லை.

1831-ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனில் எண்ணிக்கை வரம்பை நீக்க வழி செய்தது. 1830-களில் நீங்கிய வரம்பு இன்றுவரை லண்டனுக்குத் திரும்பவில்லை. மற்ற ஊர்களின் கதை வேறு. 1847-இல் வந்த நகரக் காவல் விதிகள் சட்டம், தாம் சரியென்று கருதும் எண்ணிக்கையில் உரிமம் வழங்கலாம் என்று உள்ளூர் அமைப்புகளுக்கு முழு விருப்புரிமை கொடுத்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எந்த விளக்கமும் சொல்லாமல் கதவைச் சாத்தி வைக்க அந்த ஒரு பிரிவு போதுமானதாக இருந்தது.

தாட்சர் அரசு 1985-இல் கொண்டுவந்த போக்குவரத்துச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அந்த விருப்புரிமையைக் குறுக்கியது. டாக்ஸிக்கான தேவையில் நிறைவேறாத பகுதி குறிப்பிடத்தக்க அளவில் எதுவும் இல்லை என்று மன்றம் உறுதியாகக் கருதினால் மட்டுமே எண்ணிக்கையைக் காரணம் காட்டி உரிமத்தை மறுக்கலாம். நிரூபிக்கும் பாரம் மன்றத்தின் தலையில் ஏறியது. வரம்பு கட்டாயமில்லை, வரம்பு வைக்க விரும்பினால் ஆதாரம் வேண்டும். பல மன்றங்கள் வரம்பைக் கைவிட்டன. மற்றவை ஆதாரம் திரட்டக் கிளம்பின.

ஸ்டாண்டில் உட்கார்ந்து எண்ணுவது

அந்த ஆதாரம் எப்படித் திரட்டப்படுகிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பது அவசியம். மன்றம் ஒரு ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தும். அந்த நிறுவனத்தின் ஆட்களோ காமிராக்களோ ரயில் நிலையம், கடைவீதி, மதுக்கூடத் தெரு என்று ஒவ்வொரு டாக்ஸி ஸ்டாண்டிலும் பல மணி நேரம் பதிவு செய்யும். எத்தனை மணிக்கு எத்தனை பயணிகள் வந்தார்கள், வண்டி தயாராக நின்றதா, இல்லையென்றால் எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள், வண்டி சவாரிக்காக எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை வண்டி ஆள் இல்லாமல் கிளம்பியது என்று எல்லாம் கணக்கில் வரும். செவ்வாய்க்கிழமை பகலில் வரிசையாக வண்டிகள் நிற்கும். ஓட்டுநர்கள் ஆளுக்காகக் காத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை நள்ளிரவில் மதுக்கூடங்கள் ஒரே நேரத்தில் மூடும்போது அதே ஸ்டாண்டில் மக்கள் வரிசையில் நின்று வண்டிக்காகக் காத்திருப்பார்கள். கூடவே தெருவில் பொதுமக்களிடம் பேட்டி. விடுதிகள், காவல்துறை, மாற்றுத்திறனாளி அமைப்புகள் ஆகியோரிடம் கருத்துக் கேட்பு.

இவற்றையெல்லாம் பெருக்கி ஒரே குறியீட்டு எண்ணாக்கும் சூத்திரம் ஒன்றை ஆலோசகர்கள் உருவாக்கினார்கள். அந்த எண் 80-ஐத் தாண்டினால் நிறைவேறாத தேவை குறிப்பிடத்தக்கது. தாண்டாவிட்டால் இல்லை என்பது தொழிலில் நிலைபெற்றுவிட்ட வழக்கம்.

இந்த முறையில் உழைப்பு உண்டு, ஒழுங்கும் உண்டு. ஆனால் ஸ்டாண்டுக்கு வந்தவரை மட்டுமே ஸ்டாண்டில் எண்ண முடியும். வண்டி கிடைக்காது என்று தெரிந்து வராமலே போனவர், சக்கர நாற்காலி ஏறும் வண்டி அரிது என்பதால் வெளியே கிளம்பாதவர், ஸ்டாண்டே இல்லாத புறநகர்க் குடியிருப்பில் வசிப்பவர் ஆகியோர் நேரடிக் கணக்கில் வருவதில்லை. பேட்டிகள் அவர்களில் சிலரைப் பிடிக்கும், எல்லோரையும் பிடிக்காது. ஆய்வுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதும் சிறிய விஷயமில்லை. உள்ளூர் டாக்ஸித் தொழிலினரே நேரடியாகச் செலவை ஏற்பது நல்ல நடைமுறையாகாது, ஆய்வின் நடுநிலையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் என்று பிரிட்டனின் போக்குவரத்துத் துறை தன் வழிகாட்டுதலிலேயே எழுத வேண்டியிருந்தது.

வரம்பு கேட்பவர்களின் நியாயம்

வரம்பை ஆதரிப்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்குவது தவறு. அவர்களுடைய முதல் வாதம் பொருளியல் அடிப்படை கொண்டது. வெள்ளிக்கிழமை இரவு ஸ்டாண்டில் முதலாவதாக நிற்கும் வண்டியில்தான் பயணி ஏறுகிறார். நாலு வண்டியிடம் பேரம் பேசி மலிவானதைப் பிடிப்பதில்லை. கட்டணத்தையும் மன்றம் நிர்ணயித்திருக்கிறது. எனவே வண்டிகள் கூடினால் கட்டணம் தானாகக் குறையும் என்ற பாடப்புத்தக எதிர்பார்ப்பு இந்தச் சந்தையில் எளிதில் பலிக்காது. அதே சவாரிகளை அதிக வண்டிகள் பங்கு போட்டுக்கொள்ளும். ஓட்டுநர் அதே வருமானத்துக்கு நாள் முழுக்க உழைக்க வேண்டிவரும். களைத்த ஓட்டுநர், தள்ளிப்போடப்பட்ட பழுதுபார்ப்பு, ஸ்டாண்டில் இடத்துக்காகத் தகராறு என்று விளைவுகள் தொடரும்.

இரண்டாவது வாதம் தெருவுக்கானது. ஆளில்லாமல் சுற்றும் ஒவ்வொரு வண்டியும் சாலை இடத்தையும் காற்றையும் செலவு செய்கிறது. அந்தச் செலவை ஓட்டுநர் ஏற்பதில்லை, ஊர் ஏற்கிறது.

அமெரிக்க அனுபவமும் இவர்களுக்குக் கை கொடுக்கிறது. சியாட்டில், சான் டியாகோ ஆகிய நகரங்கள் 1979 வாக்கில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தின. விமான நிலையங்களில் வண்டிகள் குவிந்தன. கட்டணம் குறித்துப் புகார்கள் எழுந்தன. சில ஆண்டுகளிலேயே இரண்டு நகரங்களும் கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தன.

தகட்டுக்கு விலை வந்தபோது

எதிர்வாதத்தின் மையம் வண்டியின் பின்புறம் திருகி வைத்திருக்கும் ஒரு தகட்டில் இருக்கிறது. உரிம எண் பொறித்த அந்தத் தகட்டை மன்றம் குறைந்த கட்டணத்தில் கொடுக்கிறது. எண்ணிக்கை மூடப்பட்ட ஊரில் புதியவர் தொழிலுக்கு வர ஒரே வழி, ஏற்கெனவே தகடு வைத்திருப்பவரிடமிருந்து வாங்குவதுதான். வண்டி கைமாறும்போது உரிமமும் கூடவே போகலாம் என்று சட்டம் அனுமதிப்பதால், தேய்ந்துபோன பழைய கார் தகட்டோடு சேர்ந்து பல மடங்கு விலைக்குப் போகிறது. மன்றம் கொடுத்த பொது அனுமதி தனியார் சந்தையில் பல பத்தாயிரம் பவுண்டு மதிப்புள்ள சொத்தாகிவிடுகிறது.

இந்த விலை எங்கிருந்து வருகிறது? பயணி நின்ற நேரத்திலிருந்தும், தகடு இல்லாத ஓட்டுநரின் உழைப்பிலிருந்தும் வருகிறது. தகட்டை வாங்கப் பணமில்லாதவர் வாடகைக்கு எடுக்கிறார். திங்கட்கிழமை காலை வண்டியைக் கிளப்பும்போதே அவர் வார வாடகைக்குக் கடன்பட்டவர். வாரத்தின் முதல் சவாரிகள் தகட்டுக்காரருக்குப் போகும், டீசல் செலவு அடுத்தது, மிஞ்சினால் வீட்டுக்கு. காய்ச்சல் வந்து படுத்தாலும் வாடகை ஓடும். வரம்பு யாருடைய பிழைப்பைச் சொல்லி நியாயப்படுத்தப்பட்டதோ, அந்த ஓட்டுநருக்கு அதில் பங்கு இல்லை.

பொருளியலாளர் கார்டன் டல்லாக் 1975-இல் இந்தப் பொறியைத் தெளிவாக விளக்கினார். சலுகை முதன்முதலில் கிடைத்தவர் லாபத்தை எடுத்துக்கொண்டு தகட்டை விற்றுவிட்டுப் போய்விடுகிறார். அடுத்து வாங்கியவர் வருங்கால லாபம் முழுவதையும் விலையாகவே கொடுத்துவிட்டதால் அவருக்குச் சாதாரண வருமானம்தான் மிஞ்சுகிறது. அவர் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் வரம்பை நீக்கினால் அவர் முதல் மொத்தமும் அழியும். யாருக்கும் இன்று பெரிய நன்மை தராத ஒரு ஏற்பாட்டை நீக்கவும் முடியாமல் போகிறது. டாக்ஸி உரிமம் அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று.

லண்டனில் நடந்த இழுபறி

2003 நவம்பரில் பிரிட்டனின் நியாய வணிக அலுவலகம் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. நாட்டின் உள்ளாட்சி மன்றங்களில் சுமார் 45 விழுக்காடு எண்ணிக்கை வரம்பு வைத்திருந்ததைக் கண்டு, அவை அனைத்தையும் நீக்கச் சொன்னது. தரம், பாதுகாப்பு, கட்டணம் ஆகியவற்றில் கட்டுப்பாடு இருக்கட்டும், எண்ணிக்கையில் வேண்டாம் என்பது அதன் முடிவு. நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு 2004-இல் அந்த அறிக்கையைக் கடுமையாக விமர்சித்தது. அரசு நடுவழியைத் தேர்ந்தது. சட்டத்தை மாற்றவில்லை, வரம்பு வைத்திருக்கும் மன்றங்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுஆய்வு செய்து காரணத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

பிறகு சட்ட ஆணையம் இறங்கியது. 2012 மே மாதம் அது வெளியிட்ட கருத்துக் கேட்பு அறிக்கை வரம்புகளை ஒழிக்கலாம் என்றது. 3,000-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அவற்றைப் படித்த ஆணையம் 2014 மே மாத இறுதி அறிக்கையில் மனம் மாறியது. வரம்பு வைக்கும் அதிகாரம் மன்றங்களிடம் இருக்கலாம். ஆனால் பொதுநலச் சோதனை ஒன்றைத் தாண்ட வேண்டும், தவறாமல் மறுஆய்வு வேண்டும். புதிதாக வரம்பு கொண்டுவரும் ஊர்களில் உரிமத்தை விற்க அனுமதிக்கக் கூடாது. ஏற்கெனவே வரம்புள்ள ஊர்களில் விலை கொடுத்து வாங்கியவர்களின் நிலை கருதிப் பழைய முறை தொடரலாம்.

இந்தக் கடைசிப் பரிந்துரையே இதுவரை நடந்த விவாதத்தின் மிகத் தெளிவான புள்ளி என்று கருதுகிறேன். எண்ணிக்கையையும் சொத்துரிமையையும் தனித்தனியாகப் பிரித்து, முதலாவதை அனுமதித்து, இரண்டாவதை மறுக்கலாம் என்று அது காட்டியது. அந்த வரைவு சட்டமாகவில்லை. 2018-இல் பேராசிரியர் முகமது அப்துல் ஹக் தலைமையிலான பணிக்குழு, டாக்ஸிக்கும் மினிகேபுக்கும் சேர்த்து வரம்பு வைக்கும் அதிகாரத்தை மன்றங்களுக்குக் கொடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு அரசு அதை ஏற்க மறுத்தது. ஸ்காட்லாந்து மட்டும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மினிகேபுக்கும் வரம்பு வைக்க வழி திறந்தது. கிளாஸ்கோ அதைப் பயன்படுத்தியது.

டப்ளின்: ஒரே இரவில் திறந்த கதவு

வரம்பு எப்படி நீங்கக் கூடாது என்பதற்கு டப்ளினைப் படிக்க வேண்டும். அயர்லாந்தில் 1978-இல் தொடங்கிய எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருபது ஆண்டுகள் இறுகியே கிடந்தது. நகரம் வளர்ந்தது, பொருளாதாரம் பாய்ந்தது, டாக்ஸி எண்ணிக்கை அதற்கு ஈடாக ஏறவில்லை. தகட்டின் விலை சுமார் 80,000 ஐரிஷ் பவுண்டைத் தொட்டது. சனிக்கிழமை இரவுகளில் மக்கள் நெடுநேரம் மழையில் நின்றார்கள்.

2000 தொடக்கத்தில் அரசு ஒரு சமரசம் தேடியது. ஏற்கெனவே தகடு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு தகடு! புதியவர்களுக்கு வழிவிடாமல் பழையவர்களின் கையிலேயே புதிய உரிமங்களையும் கொடுக்கும் ஏற்பாடு இது. வெளியே நின்ற முன்பதிவு வாடகைக் கார் ஓட்டுநர்கள் நீதிமன்றம் போனார்கள். அக்டோபர் 2000-இல் உயர் நீதிமன்றம், எண்ணிக்கையைக் காரணம் காட்டிப் புதியவர்களைத் தடுக்கும் அதிகாரம் அமைச்சருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. நவம்பரில் கதவு முழுதாகத் திறந்தது. தகுதியுள்ள எவரும் 5,000 ஐரிஷ் பவுண்டு கட்டி உரிமம் எடுக்கலாம் என்றானது. டாக்ஸிக்காரர்கள் சாலைகளை மறித்தார்கள்; பயனில்லை.

நாடு முழுவதும் 4,000-க்கும் குறைவாக இருந்த டாக்ஸிகள் 2008 வாக்கில் 20,000-ஐத் தாண்டின. காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. பயணிக்கு இது பெரிய வெற்றி. ஆனால் முந்தைய மாதங்களில் வீட்டை அடமானம் வைத்துத் தகடு வாங்கியவரும், கணவர் விட்டுப்போன தகட்டின் வாடகையில் வாழ்ந்த கைம்பெண்ணும் ஒரே நாளில் முதல் இழந்தார்கள். அவர்களுக்காக அமைத்த இன்னல் தீர்வுக் குழு 3,000 முதல் 15,000 யூரோ வரை கொடுக்கச் சொன்னது. இழந்ததோடு ஒப்பிட்டால் அது சொற்பம். பொருளாதார நெருக்கடியில் சவாரிகள் சுருங்கியதும் ஓட்டுநர்கள் திணறினார்கள். 2010-இல், சக்கர நாற்காலி ஏறக்கூடிய வண்டிகளுக்கு மட்டுமே புதிய உரிமம் என்று விதி வந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் கைமாறுவதையே தடுத்தது. முப்பத்தைந்து ஆண்டு சுற்றலுக்குப் பிறகு அயர்லாந்து வந்து சேர்ந்த இடம் இது.

நியூயார்க்: கடனாக மாறிய பதக்கம்

நியூயார்க்கின் மஞ்சள் டாக்ஸிகளுக்கு 1937-இல் ஹாஸ் சட்டம் வரம்பு வைத்தது. அன்று உரிமக் கட்டணம் 10 டாலர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணிக்கை 11,787 என்று நின்றது. 1996 வரை அசையவில்லை. பிறகு நகராட்சியே கூடுதல் உரிமங்களை ஏலம் விட்டுக் கருவூலத்தை நிரப்பியது. வண்டியின் முன்மூடியில் பதித்த அந்த உலோகப் பதக்கத்தின் விலை 2014 வாக்கில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது.

அந்த விலைக்கு வாங்கியவர்களில் பலர் வங்கதேசம், பாகிஸ்தான், இந்தியா, ஹைதி என்று உழைக்க வந்த ஓட்டுநர்கள். விலை ஒருபோதும் இறங்காது என்று சொல்லிச் சொல்லிக் கடன் கொடுத்தார்கள். ஊபரும் லிஃப்டும் வந்தன. அவற்றுக்கு அன்று எண்ணிக்கை வரம்பு இல்லை. விலை இரண்டு லட்சம் டாலருக்கும் கீழே சரிந்தது, கடன் அப்படியே நின்றது. 2018-இல் ஓட்டுநர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த ஆகஸ்டில் நகர மன்றம் செயலி வண்டிகளுக்கும் வரம்பு விதித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. கடன் கொடுத்த விதத்தை நியூயார்க் டைம்ஸ் 2019-இல் அம்பலப்படுத்தியது. 2021 இலையுதிர் காலத்தில் பைரவி தேசாய் தலைமையிலான டாக்ஸித் தொழிலாளர் கூட்டணி பதினைந்து நாள் உண்ணாவிரதம் இருந்தது. கடன் உச்சவரம்பு 1,70,000 டாலர், அதற்கு நகராட்சியே உத்தரவாதம் என்ற ஒப்பந்தத்தோடு அது முடிந்தது.

இங்கே தவறு எண்ணில் இருந்ததா, விற்பனையில் இருந்ததா? வரம்பு மட்டும் இருந்து விற்பனை இல்லாமல் இருந்திருந்தால், செயலி வண்டிகள் வந்தபோது ஓட்டுநர்கள் வருமானத்தில் அடி வாங்கியிருப்பார்கள். பத்து லட்சம் டாலர் கடனில் மூழ்கியிருக்க மாட்டார்கள்.

ஓட்டுநர்களே கேட்டபோது

சான் டியாகோ இதை மறுபக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறது. 1980-களில் திரும்ப வந்த வரம்புக்குள் உரிமங்கள் சிலர் கையில் குவிந்தன. ஓட்டுநர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்கள் என்று 2013-இல் உள்ளூர்ப் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. அவர்களில் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியவர்கள். வரம்பை நீக்கு என்று அந்த ஓட்டுநர்களின் சங்கமே கேட்டது. நகர மன்றம் 2014-இல் நீக்கியது. வரம்பு ஓட்டுநரின் கவசம் என்றால் ஓட்டுநர்களே அதைக் கழற்றச் சொல்லிப் போராடியிருக்க மாட்டார்கள்.

பாரிஸ் 1937 முதல் எண்ணிக்கையை 14,000 அளவில் இறுக்கிப் பிடித்தது; உரிம விலை இரண்டு லட்சம் யூரோவைத் தாண்டிய காலம் உண்டு. 2014 அக்டோபரில் வந்த தெவெனு சட்டம் புதிய உரிமங்களை விற்பதைத் தடுத்தது.

நம் நாட்டுக்கும் இந்தக் கதை அந்நியமில்லை. ஐந்து லட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகரங்களில், மத்திய அரசு பணித்தால், வாடகை வண்டிகளின் எண்ணிக்கைக்கு மாநில அரசு வரம்பு விதிக்க 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு வழி செய்கிறது. டெல்லியில் 1997-இல் உச்ச நீதிமன்றம் காற்று மாசைக் கருதி ஆட்டோ எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. 2011-இல் அதே நீதிமன்றம் 55,000-ஐ ஒரு லட்சமாக உயர்த்தும்வரை, பெர்மிட் ஃபைனான்ஸ்காரர்களின் சந்தைப் பொருளாக இருந்தது. வண்டியின் விலையைவிடப் பெர்மிட்டுக்கு அதிகம் கொடுத்த ஓட்டுநர் மீட்டருக்கு மேல் கேட்டார். திட்டு வாங்கியவர் அவர், லாபம் பார்த்தவர் வேறொருவர்.

எல்லை தாண்டும் வண்டிகள்

இங்கிலாந்தின் இன்றைய நிலைக்குத் திரும்புவோம். டாக்ஸிக்கு வரம்பு வைத்துவிட்டு மினிகேபைத் திறந்து விட்டிருப்பது, ஒரு பக்கம் மட்டும் வேலி போட்ட தோட்டம் போலத்தான். 2015-இல் வந்த சட்டத் தளர்வு, ஒரு மாவட்டத்தில் பதிவான சவாரியை வேறு மாவட்ட நிறுவனத்துக்கு மாற்றிவிட அனுமதித்தது. ஓட்டுநர், வண்டி, நிறுவனம் மூன்றும் ஒரே மன்றத்தின் உரிமம் பெற்றிருந்தால் நாட்டின் எந்த மூலையிலும் ஓடலாம். விரைவாகவும் குறைந்த செலவிலும் உரிமம் கொடுத்த வுல்வர்ஹாம்ப்டன் மன்றத்தை நாடு முழுவதிலிருந்தும் ஓட்டுநர்கள் தேடிப் போனார்கள். மான்செஸ்டர் பெருநகரில் ஓடும் மினிகேப்களில் ஏறக்குறையப் பாதி வேறு ஊர் உரிமம் பெற்றவை என்று மேயர் ஆண்டி பர்னம் தொடர்ந்து முறையிட்டு வந்தார். தன் தெருவில் ஓடும் வண்டியைச் சோதிக்கவும் தண்டிக்கவும் முடியாத மன்றம், எண்ணிக்கையைப் பற்றி என்ன பேசினாலும் அதற்குப் பொருள் குறைவு.

வரம்பே இல்லாத லண்டன் வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே கறுப்பு டாக்ஸி ஓட்ட வேண்டுமானால் சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துக்குள் சுமார் 25,000 தெருக்களையும் 320 வழித்தடங்களையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு ஆண்டு படிப்பு. அந்தத் தகுதி வாங்கியவருக்கே சொந்தம். விற்க முடியாது, வாடகைக்கு விட முடியாது. வரம்பு இல்லாமலே எண்ணிக்கையைத் தகுதித் தேர்வு கட்டுக்குள் வைத்தது. ஆனால் கடந்த பத்தாண்டில் 22,000-க்கும் மேல் இருந்த கறுப்பு டாக்ஸிகள் சுமார் 15,000-ஆகக் குறைந்துவிட்டன. மினிகேப்களோ 90,000-ஐத் தாண்டி ஓடுகின்றன. மேயர் சாதிக் கான் மினிகேப்களுக்கு வரம்பு வைக்கும் அதிகாரம் கேட்டும் அரசு கொடுக்கவில்லை. தரக் கட்டுப்பாடும் ஒரு வகைக்கு மட்டும் இருந்தால் நிலைப்பதில்லை.

என்ன செய்யலாம்?

இந்த அனுபவங்களிலிருந்து நான்கு முடிவுகள் தேறுகின்றன.

முதலாவது, உரிமம் ஓட்டுபவருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். தொழிலை விட்டால் அது மன்றத்துக்குத் திரும்ப வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவருக்கு அது போகட்டும். அயர்லாந்தும் பிரான்ஸும் பட்டுத் தெரிந்து வந்து சேர்ந்தது இங்குதான்.

இரண்டாவது, பழைய தகடுகளுக்கு விலை கொடுத்தவர்களை டப்ளின் கைவிட்டதுபோல் கைவிடக் கூடாது. அரசு அனுமதித்த சந்தையில்தான் அவர்கள் வாங்கினார்கள். ஆண்டுதோறும் சில புதிய உரிமங்களைச் சக்கர நாற்காலி ஏறும் வண்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டே போகும் முறையை பிரைட்டன் போன்ற ஊர்கள் பின்பற்றியிருக்கின்றன. கதவை மெல்லத் திறந்தால் தகட்டின் விலையும் மெல்ல இறங்கும். எவர் தலையிலும் ஒரே நாளில் இடி விழாது.

மூன்றாவது, வரம்பு வைத்தால் டாக்ஸி, மினிகேப் இரண்டுக்கும் சேர்த்தே வைக்க வேண்டும். சவாரி தொடங்கும் அல்லது முடியும் ஊரின் மன்றத்துக்கு அந்த வண்டியின்மேல் அதிகாரம் இருக்க வேண்டும். 2018 பணிக்குழு இரண்டையும் சொன்னது.

நான்காவது, தேவையை அளக்கும்போது ஸ்டாண்டில் நின்றவரோடு, ஸ்டாண்டுக்கு வர முடியாதவரையும் தேடிப்போய்க் கேட்க வேண்டும். ஆய்வுச் செலவை மன்றம் ஏற்க வேண்டும். முடிவுகள் பொதுவில் இருக்க வேண்டும்.

தெருவின் கொள்ளளவுக்கு ஏற்ப வண்டிகளை அளவாக வைத்திருக்க நினைப்பது ஒரு மன்றத்தின் நியாயமான உரிமை. ஆனால் அந்த அளவைக் காரணமாக்கி ஒரு சிலர் உட்கார்ந்து வாடகை வாங்கும் சொத்தை உருவாக்குவதற்கு எந்த மன்றத்துக்கும் உரிமை இல்லை. வரம்பு வைக்க விரும்பும் மன்றம், எண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், உரிமம் விற்பனைக்கோ வாடகைக்கோ இல்லை என்ற விதியை எழுத வேண்டும். அதற்குத் துணிவில்லாத மன்றம் வரம்பே வைக்காமல் இருப்பது நல்லது. பயணியின் காத்திருப்பாவது குறையும், ஓட்டுநரின் கழுத்தில் தகட்டுக் கடனும் ஏறாது.